‘மிஸ்’ என்றால் யார்? மருந்து கொடுக்கும் பெண்களின் பதவியும் பத்திரமும்

குருவிட்ட நகரில் ஒரு தனியார் டிஸ்பென்சரி. மாலை ஐந்து மணிக்குத்தான் டொக்டர் வருவார். நாலரைக்கே வாங்கு நிறைந்துவிடும். றப்பர் தோட்டத்திலிருந்தும் தேயிலை மலையிலிருந்தும் இறங்கி வந்தவர்கள், நகரத்துச் சிங்களக் குடும்பங்கள், பள்ளிச் சீருடையோடு இருமும் பிள்ளைகள். உள்ளே சிறிய யன்னலுக்குப் பின்னால் மாத்திரைகளை எண்ணிக் கடதாசி உறையில் போடுகிற பெண்ணை எல்லோரும் ‘மிஸ்’ என்றே கூப்பிடுகிறார்கள்.

“மிஸ், இது காலையிலயா, ராத்திரியிலயா?” என்று ஒரு வயதான அம்மா உறையை நீட்டுகிறார். உறையில் எழுதியிருப்பது சிங்களம். அந்த அம்மாவுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது. “அம்மாச்சி, இங்க பாருங்க” என்று சொல்லி, ஒரு உறையில் சூரியனும் மற்றதில் பிறையும் பேனாவால் கீறிக் கொடுக்கிறார் மிஸ். “சூரியன் போட்டது விடிய, சாப்பிட்ட பிறகு. பிறை போட்டது படுக்கப் போகும்போது. மாறிப் போடாதீங்க.”

இந்த மிஸ்ஸின் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய கதை நம் வாசகியர் பலருடைய கதையும் ஆகும். பெற்றோர் குருவிட்டப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். 1977 ஓகஸ்ட் கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி, வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து இப்படி வடக்கே போனவர்கள் அநேகர். 1981இலும் 1983இலும் இரத்தினபுரிப் பக்கம் மறுபடி எரிந்தபோது இன்னும் பலர் போனார்கள். மிஸ் பிறந்தது கிளிநொச்சியில். யுத்த காலத்தில் மருந்து வழங்கும் அறையொன்றில் உதவிக்குச் சேர்ந்தார். 2009இல் இடம்பெயர்ந்து கொண்டே கூடாரத்துக்குள் மருந்து கொடுத்தார். கூட இருந்த டொக்டர் ஒருவர் அவருடைய சேவையைப் பற்றிக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதம் மழையில் நனைந்து மடிப்போடு கிழிந்து போயிற்று. முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, குருவிட்டையில் தங்கியிருந்த சின்னம்மா கூப்பிட்டு வந்து சேர்ந்தார்.

“எனக்கு மருந்து தெரியும் அக்கா. ஆனா நான் யார் என்று கேட்டா, சொல்லத் தெரியாது” என்றார். சம்பளத் துண்டில் ‘உதவியாளர்’ என்று இருக்கிறது. நோயாளிக்கு அவர் மிஸ். ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனி தொலைபேசியில், “நீ செய்யிறது எங்கட பி.எஸ்.டபிள்யூ. வேலை மாதிரித்தான்” என்கிறாராம். இந்த மூன்று பெயர்களில் ஒன்றுகூட அவரிடம் ஒரு தகைமை இருப்பதாகச் சொல்லவில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தின் பலகையைக் கண்டு விசாரிக்கப் போனார். ஆறு மாதத்தில் ‘நர்சிங் டிப்ளோமா’, வெள்ளைச் சீருடை, பட்டமளிப்புப் படம். கட்டணத்துக்குத் தோட்டை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார். கடைசி நேரத்தில், “இதை முடிச்சா எந்தச் சபையில பதியலாம்?” என்று கேட்டார். “வெளிநாட்டில எல்லா இடத்திலயும் எடுப்பாங்க” என்பதுதான் பதில். தோடு காதிலேயே இருக்கிறது. நல்ல கேள்வி கேட்டார் என்று நான் சொன்னேன்.

மலையகத்தில் மருந்து கொடுப்பவருக்குப் பெயர் மாறி மாறி வந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டங்கள் 1872இலும் 1912இலும் வந்தன. அந்தக் காலம் தொட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவரை நம் முன்னோர் ‘டிஸ்பென்சர்’ என்றார்கள், ‘டொக்டர் ஐயா’ என்றார்கள். அரசாங்கப் பக்கத்தில் ‘அப்போதிக்கரி’ என்றிருந்தவர் பின்னாளில் ‘உதவி வைத்தியர்’ ஆனார். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போன பிறகு ‘ஈ.எம்.ஏ.’ என்ற பெயர், அதாவது தோட்ட வைத்திய உதவியாளர், எங்கும் பழகிவிட்டது. 1990களின் நடுவிலிருந்து சில தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆகவே ஒரே மலையின் இந்தப் பக்கத்தில் மருந்து கொடுப்பவர் கம்பனி ஊழியராகவும், அந்தப் பக்கத்தில் அரச உத்தியோகத்தராகவும் இருக்கலாம். சம்பளம் வேறு, ஓய்வூதியம் வேறு. வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு இருவரும் ‘டொக்டர் ஐயா’தான்.

பிள்ளைக் காம்பராவில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு காலத்தில் அங்கே பிள்ளை பார்த்தவர் வெறும் ‘ஆயம்மா’. ட்ரஸ்ட் என்று நாம் சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் பயிற்சிகளுக்குப் பிறகு, பயிற்சி பெற்றவர் ‘சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்’ ஆனார். அங்கே பெயரோடு பயிற்சியும் சேர்ந்து வந்தது. பெயர் மட்டும் பெரிதாகிப் பயிற்சி வராத இடங்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இலங்கையில் மருந்து சம்பந்தமான பதவிகளுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கும். மருந்தாளர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் ஒரு வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பு உண்டு. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் பயிலுநராக இருந்து பரீட்சை எழுதுகிற வழியும் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைதான் பாமசிகளுக்கு அனுமதி கொடுக்கிறது. பாமசியில் பதிவுபெற்ற மருந்தாளர் இருக்க வேண்டும். கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நிற்கும் மற்றப் பிள்ளைகள் எத்தனை வருடம் நின்றாலும் உதவியாளர்களே. தாதிக்கு வேறு சபை: 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த இலங்கை தாதியர் சபை. ஆறு மாத டிப்ளோமாவோடு அந்தப் பதிவேட்டில் ஏற முடியாது.

வெளிநாடு என்றால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பக்கத்து இந்தியாவையே பாருங்கள். கிராமத்தில் கர்ப்பிணித் தாயைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிற பெண் தமிழ்நாட்டில் ‘கிராம சுகாதார செவிலியர்’. எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் அவரே ‘ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ்’. வட மாநிலங்களில் ‘ஏ.என்.எம்.’ மருந்தாளருக்கும் அங்கே மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், ஒரு பதிவேடு.

அமெரிக்காவில் இது இன்னும் விசித்திரம். முதியோர் இல்லங்களில் தாதியின் மேற்பார்வையில் மாத்திரை கொடுப்பதற்கென்றே தனி வேலை இருக்கிறது. டெக்சாஸில் அவர் ‘மெடிகேஷன் எய்ட்’. பயிற்சி 140 மணித்தியாலம். வட கரோலினாவிலும் அதே பெயர்தான், ஆனால் பாடநெறி 24 மணித்தியாலம். மிசூரியில் ‘சேர்ட்டிஃபைட் மெடிகேஷன் டெக்னீஷியன்’, இந்தியானாவில் ‘குவாலிஃபைட் மெடிகேஷன் எய்ட்’, வேர்ஜினியாவில் ‘ரெஜிஸ்டர்ட் மெடிகேஷன் எய்ட்’. வேறு பெயர்களில் ஒரே வேலை இருக்கிறது. ஒரே பெயருக்குள் 24 மணியும் 140 மணியும் இருக்கின்றன. ஒரு மாநிலத்துப் பத்திரத்தை அடுத்த மாநிலம் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று நம்பிப் பெட்டி கட்ட முடியாது.

மைத்துனி சொன்ன கனடாவிலும் இதே கதை. ஒன்ராறியோவில் ‘பி.எஸ்.டபிள்யூ.’ என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ‘ஹெல்த் கெயார் அசிஸ்டன்ட்’, அல்பேர்டாவில் ‘ஹெல்த் கெயார் எய்ட்’, நோவா ஸ்கோஷியாவில் ‘கன்டினியூயிங் கெயார் அசிஸ்டன்ட்’. ரொறன்ரோவில் நம் பெண்கள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். ஒன்ராறியோவில் இவர்களுக்கான பதிவேடு 2024 டிசம்பரில்தான், விரும்பியவர் பதியலாம் என்ற முறையில், தொடங்கியது. இன்னொன்றையும் கவனியுங்கள். முதியவர் தானே மருந்தெடுக்க நினைவூட்டுவது ஒன்று, மூடியைத் திறந்து கொடுப்பது ஒன்று, அளவு பார்த்து வாயில் போடுவது வேறொன்று. இவற்றில் எது வரை செய்யலாம் என்பதை மாகாணமும் வேலை இடமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மிஸ் இந்த மூன்றையும் கூடாரத்தில் ஒரே இரவில் செய்தவர். அங்கே போய் அதையே தன்னிச்சையாகச் செய்தால் வேலை பறிபோகும்.

அப்படியானால் பத்திரமே இல்லாமல் வேலை கற்றவர்களுக்கு வழி? இலங்கையில் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை முறையில், முன்பே பெற்ற அனுபவத்தைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற ஏற்பாடு உண்டு. நைட்டா எனப்படும் பயிலுநர் பயிற்சி அதிகாரசபையில் இதை விசாரிக்கலாம். வகுப்பில் குந்தியிருக்கத் தேவையில்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும். பராமரிப்பாளர் தொழிலுக்கு இப்படிச் சான்றிதழ் எடுக்கலாம். ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சான்றிதழ் உங்களை மருந்தாளராக்காது, தாதியாகவும் ஆக்காது. நோயாளியையும் முதியவரையும் பராமரிக்கத் தெரிந்தவர் என்று அரசாங்க முத்திரையோடு சொல்லும். எந்தப் பாடநெறிக்கும் காசு கட்டுமுன், அந்த நிலையமும் பாடநெறியும் மூன்றாம்நிலை தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்தவையா, எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாடு போகிறவர்கள் எந்த மாநிலம் அல்லது மாகாணம் என்று முதலில் தெரிந்துகொண்டு, அங்கே கேட்கும் பத்திரம் எது என்று பிறகு பாருங்கள். முகவர் சொல்வதோடு நிற்க வேண்டாம்.

யுத்த காலத்து ஆதாரம் தொலைந்தவர்கள் அதற்காக ஒதுங்கிவிட வேண்டியதில்லை. இப்போது வேலை செய்யும் இடத்துக் கடிதம், வேலை செய்யும் படம், சம்பளத் துண்டு, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பிரதி எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இன்னொரு பிரதியை உறவினர் வீட்டில் வையுங்கள். நனைந்து போன கடிதத்தின் கதையைக் கேட்ட பிறகு நானும் என்னுடையவற்றை அப்படித்தான் செய்தேன்.

போன மாதம் மிஸ் மீண்டும் பேசினார். டொக்டரிடம் சேவைக் கடிதம் கேட்டிருக்கிறார். டொக்டர் கடிதத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, “பதவி என்ற இடத்தில என்ன போடுறது மிஸ்?” என்று கேட்டாராம்.

“உதவியாளர் என்றே போடுங்க சேர். கீழ, நான் என்னென்ன செய்யிறேன் என்று எழுதுங்க” என்றாராம். டொக்டர் பதினொரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறார்.