வீட்டுக்கு ஓர் எலுமிச்சை: போத்து நடுவோர் அறிய வேண்டுவன

சேர்வராயன் மலையடிவாரத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அதன் காரியதரிசி ஒரு யோசனையைச் சொல்லி என் அபிப்பிராயத்தைக் கேட்டார். நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்பெறும் கூட்டுறவு வாரத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஓர் எலுமிச்சைச் செடி வழங்க வேண்டும். அங்கத்தினர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் ஆண்டு முழுதும் காய்க்கும் மரம் ஒன்று உண்டு. அதன் குச்சிகளை வெட்டி வேர்விடச் செய்தால் சங்கத்துக்குச் செலவே இராது என்பது அவர் யோசனை. அச்சங்கத்தில் கீழே தறி நெய்யும் குடும்பங்களும் உண்டு. மேலே காப்பியும் மிளகும் பயிரிடுவோரும் உண்டு. ஆயுத பூஜைக்குத் தறிக்கு வைக்கும் பழம் முதல் கோடையில் பானகத்துக்குப் பிழியும் பழம் வரை கடையில் வாங்கும் இரு சாராருக்கும் இது நல்ல யோசனையே. எனினும் உடனே ‘ஆகட்டும்’ என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதன் காரணத்தை அவருக்குச் சொன்னவாறே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

முதலில் எந்த எலுமிச்சை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் வழங்கும் மெல்லிய தோலுடைய சிறிய உருண்டைப் பழம் ஓர் இனம். தோல் தடித்து, நுனியில் காம்பு போல் முனை நீண்டு, சற்றுப் பெரியதாக இருக்கும் சீமை எலுமிச்சை வேறோர் இனம். போத்து நட்டால் எளிதில் வேர்விடுவது இந்தப் பெரிய இனமே. அஸ்ஸாமில் காஜி நேமு என்று ஒன்று உண்டு. அதன் பழத்தில் விதை அநேகமாக இராது. ஆகவே அங்கே போத்தும் பதியனுமே அதைப் பெருக்கும் வழி. நம் சிறிய எலுமிச்சையும் போத்தில் வேர்விடும். ஆயினும் நட்டவற்றில் பல தவறிப்போகும். கமலா ஆரஞ்சுக்குப் போத்து சரிப்படாது.

நடும் முறைக்கு வருவோம். சென்ற பருவத்தில் துளிர்த்து, இப்பொழுது பாதி முற்றிய கிளையே தக்கது. எலுமிச்சையின் இளங்கிளை விரலால் உருட்டினால் பட்டை பட்டையாக முனைகளுடன் இருக்கும்; முற்ற முற்ற உருண்டையாகும். உருளத் தொடங்கியும் பச்சை மாறாத கிளையில், பென்சில் பருமனுள்ளதாகப் பார்த்து, காலை வேளையில் வெட்ட வேண்டும். மரத்தின் அடியிலிருந்து செங்குத்தாகச் சீறிக் கிளம்பும் நீர்க்கிளையும், பூவும் பிஞ்சும் உள்ள கிளையும் ஆகா. நீளம் ஆறு முதல் எட்டு அங்குலம் இருக்கலாம். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, கீழ் இலைகளையும் முள்ளையும் நீக்கி, உச்சியில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட வேண்டும். இலை பெரிதாயின் பாதியாகக் கத்தரிக்கலாம். இலை முழுவதையும் உருவி எறிவது பலர் செய்யும் தவறு. முருங்கைப் போத்தைப் போல் இதுவும் மொட்டைக் கட்டையாக வேர்விடும் என்று எண்ணுகிறார்கள். முருங்கையின் பருத்த கட்டையில் உணவு சேமிப்பு உண்டு. எலுமிச்சைக் குச்சியிலோ உச்சியில் நிற்கும் இலைதான் வேருக்கு வேண்டிய சத்தை ஆக்கி அனுப்ப வேண்டும்.

நன்கு கழுவிய ஆற்றுமணலும் மக்கிய தென்னைநார்க் கழிவும் சம அளவு கலந்து, அடியில் துளையிட்ட தொட்டியில் நிரப்பி, குச்சியில் மூன்றிலொரு பங்கு உள்ளே செல்லுமாறு நட வேண்டும். எரு இப்பொழுது வேண்டாம். இட்டால் அடி அழுகும். இண்டோல் பியூட்ரிக் அமிலம் கலந்த வேரூக்கித் தூள் விதைக் கடைகளில் கிடைக்கிறது. அடிவெட்டை அதில் தொட்டு நட்டால் வேர் விரைந்தும் மிகுந்தும் வரும். சிறிய இனத்துக்கு இதைத் தவிர்க்கலாகாது. பிறகு தொட்டியின் மீது பாலிதீன் தாளைக் கூடாரம் போல் கவித்து, வெயில் நேரே படாத வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். வேர் இல்லாத குச்சி குடிக்க இயலாது; ஆனால் இலை வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கூடாரத்தின் ஈரக்காற்று அந்த இழப்பைத் தடுக்கிறது. மணல் ஈரமாக இருந்தால் போதும். சொட்டச் சொட்ட இருத்தல் ஆகாது.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் ஒரு பழைய தகரத்தில் பன்னிரண்டு குச்சிகள் நட்டேன். மூன்றாம் வாரம் ஒன்பதில் துளிர் கண்டது. வேர் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து, கூடாரத்தை நீக்கி வெயிலில் வைத்தேன். நான்கே நாளில் அத்தனையும் வாடின. பிடுங்கிப் பார்த்தால் ஒன்றிலும் வேர் இல்லை. குச்சி தன்னிடமிருந்த சத்தைக் கொண்டே துளிர்த்திருக்கிறது. துளிரை நம்பலாகாது. குச்சியை மெல்ல இழுத்துப் பார்த்து, அது விடாமல் பிடித்தால் மட்டுமே வேர் உண்டென்று கொள்ளலாம். இதற்கு ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ ஆகும். அதன்பின் கூடாரத்தை நாளுக்குச் சற்று நேரமாகத் திறந்து பழக்க வேண்டும்.

சேலத்துச் சமவெளியில் ஆடி முதல் ஐப்பசி வரை நடலாம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கு மார்கழி, தை மாதக் குளிரில் குச்சி வேர்விடாமல் உறங்கும். அடைமழையில் நட்டால் அழுகும். மழை சற்று ஓய்ந்த நாளில் கூரைக்கடியில் நடுவதே மலையில் உள்ளோருக்கு உகந்தது.

வேர்விட்ட கன்றை ஓராண்டு தொட்டியில் வளர்த்துப் பின் நிலத்தில் நடலாம். போத்துச் செடிக்கு ஆணிவேர் கிடையாது. வேரெல்லாம் மேலாகவே ஓடும். ஆதலின் முதல் சில ஆண்டுகள் காற்றுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும்; அடியில் கொத்துதல் கூடாது. அடித்தண்டைச் சுற்றி நீர் தேங்கினால் பட்டை அழுகும் என்பதால், தண்டருகே மண்ணை மேடாக அணைத்து, நீரைச் சற்று விலகிய வட்டத்தில் பாய்ச்ச வேண்டும். நெசவாளர் வீடுகளில் சாயத் தொட்டியின் கழிவு நீரைக் கொல்லைப்புறம் ஊற்றுவது வழக்கமாக இருக்கிறது. அதில் உப்பும் காரமும் மிகுதி. எலுமிச்சையோ உப்புக்கு மிகவும் அஞ்சும் மரம். அந்நீர் ஓடும் பக்கம் இதை வைக்கவே வேண்டாம். சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளைச் சார்ந்த காரமண்ணில் இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் இலை வெளிறும். தொழு உரம் தாராளமாக இடுவதும், துத்தநாக சல்பேட்டை நீரில் கரைத்துத் தக்க அளவில் தெளிப்பதும் இதற்குப் பரிகாரம்.

இனி, காரியதரிசியிடம் நான் தயங்கியதன் காரணத்துக்கு வருகிறேன். போத்து என்பது தாய்மரத்தின் ஒரு துண்டு. தாயின் நற்குணம் எல்லாம் அதில் வரும். தாயின் நோயும் அவ்வாறே வரும். சேர்வராயன் மலை காப்பிக்குப் பெயர்பெற்றது போலவே ஒரு காலத்தில் ஆரஞ்சுக்கும் பெயர்பெற்றிருந்தது. அந்த ஆரஞ்சு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து, ஆண்டுக்காண்டு நலிந்து, தோட்டம் தோட்டமாகக் குறைந்ததை முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். வேரழுகல், சத்துக் குறைவு, நூற்புழு எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் அவற்றுள் கொடியவை இரண்டு. ஒன்று அசுவினிப் பூச்சி பரப்பும் டிரிஸ்டிசா என்னும் நச்சுயிரி நோய். அச்சொல்லுக்குத் துயரம் என்பது பொருள். 1930களிலும் 1940களிலும் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் எண்ணற்ற மரங்களை அழித்தபோது அங்குள்ளோர் இட்ட பெயர் அது. மற்றது கிரீனிங் எனப்படும் நோய். பட்டையின் சாற்றுக் குழாய்களில் குடிகொள்ளும் பாக்டீரியாவால் வருவது. சில்லா என்னும் சிறு பூச்சி இதைப் பரப்புகிறது என்பதை 1967-இல் கபூர், ராவ், விஸ்வநாத் என்னும் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். இவ்விரண்டுக்கும் மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் கைவரவில்லை.

இதில் கவனிக்க வேண்டுவது யாதெனில், கிரீனிங் நோய் ஆரஞ்சைத் தாக்குமளவு எலுமிச்சையைத் தாக்குவதில்லை. எலுமிச்சை நோயைத் தாங்கிக்கொண்டு ஓரளவு காய்த்துக்கொண்டே நிற்கும். ஆகவே காய்க்கிறது என்பதால் மரம் நோயற்றது என்று முடிவு செய்ய இயலாது. கீழே நெசவாளர் ஒருவர் கொல்லையில் நிற்கும் எலுமிச்சை அவருக்குக் குறையின்றிப் பழம் தரும். அதே மரத்துக் குச்சி மேலே உறவினர் தோட்டத்துக்குச் சென்றால், அங்கு மிஞ்சியிருக்கும் ஆரஞ்சுக்கு அது யமனாகும். குளிர்ந்த உயரங்களில் சில்லாப் பூச்சி குறைவு. பூச்சி எளிதில் ஏறாத உயரத்துக்கும் நாம் பையில் வைத்துக் குச்சியை ஏற்றிவிடுகிறோம். சொறி நோயும் இப்படியே இலையோடும் குச்சியோடும் பிரயாணம் செய்கிறது. ஆனால் சொரசொரப்பான புள்ளியும் அதைச் சுற்றிய மஞ்சள் வளையமும் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அத்தகைய கிளையை ஒதுக்கிவிடலாம்.

கிரீனிங்கை இலையில் கண்டறிய ஓர் அடையாளம் உண்டு. இலையின் நடு நரம்பை மடிப்பாகக் கொண்டு இரு பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மஞ்சள் இரு பக்கமும் ஒரே மாதிரி அமைந்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அநேகமாகத் துத்தநாகக் குறைவு. சத்து இட்டால் மாறும். ஒரு பாதியில் ஒரு விதமாகவும் மறு பாதியில் வேறு விதமாகவும் திட்டுத்திட்டாக மஞ்சள் படர்ந்திருந்தால் கிரீனிங் என்று ஐயுற வேண்டும். உறுதியாகச் சொல்ல ஆய்வுச் சோதனை வேண்டும். மற்றொன்று: சில்லாப் பூச்சி கறிவேப்பிலையின் இளந்தளிரிலும் முட்டையிட்டுப் பெருகும். கிணற்றடியில் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது நம் வழக்கம். இடம் உள்ளவர் சற்றுத் தள்ளி வைப்பது நலம்.

அங்ஙனமாயின் நூறு பேருக்கு எப்படிச் செடி கொடுப்பது? இதற்கு இயற்கையே வழி வைத்திருக்கிறது. நம் சிறிய எலுமிச்சையின் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தத்தின் கலப்பின்றித் தாயின் திசுவிலிருந்தே உருவானவை. ஆதலால் தாயை ஒத்தே வளரும். மேற்சொன்ன நோய்கள் விதை வழியே தொடர்வதில்லை என்றே கொள்ளலாம். பழுத்த பழத்தின் விதையைக் கழுவி, உலரவிடாமல் உடனே விதைத்து, முளைத்தவற்றில் மெலிந்ததையும் வேறுபட்டதையும் களைந்தால் ஒருசீரான கன்றுகள் கிடைக்கும். போத்துச் செடி இரண்டு மூன்று ஆண்டில் காய்த்தால் இது காய்க்க நான்கைந்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும் என்பதே குறை. ஆனால் ஆணிவேருடன் ஊன்றி நிற்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 என்ற ரகத்தையும் நாடலாம்.

ஆகவே நான் காரியதரிசிக்குச் சொன்னது இது: தம் வீட்டு மரத்திலிருந்து தம் வீட்டுக்கே ஒரு போத்து நட்டுக்கொள்பவரைத் தடுக்க வேண்டாம், சங்கம் தன் பெயரால் வழங்குவது விதைக்கன்றாக இருக்கட்டும். அவருக்கு இது முழுத் திருப்தி அளிக்கவில்லை. ‘ஐந்தாண்டு யார் சார் காத்திருப்பார்கள்?’ என்று கேட்டார். பிறகு அந்த மரத்தைப் பார்க்க இருவரும் சென்றோம். காய் குலுங்கத்தான் நின்றது. கிழக்குப் பக்கக் கிளை ஒன்றில் மட்டும் இலைகள் சில, பாதிக்குப் பாதி ஒவ்வாமல் மஞ்சள் திட்டுடன் இருந்தன. துத்தநாகக் குறைவாகவும் இருக்கலாம். என் கண் தாவர மருத்துவர் கண் அன்று. அந்த இலைகளில் சிலவற்றைப் பறித்து, ஏற்காட்டிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் காட்டுவதற்காக ஒரு பாலிதீன் பையில் கட்டிக் காரியதரிசியிடம் கொடுத்தேன். அவர்கள் பார்த்துச் சொல்லும் வரை அம்மரத்தில் ஒரு குச்சியும் வெட்டுவதில்லை என்று நிர்வாகக் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் அன்றே தீர்மானம் எழுதப்பட்டது.