தொழில் நகரின் மறுவாழ்வும் தமிழ்த் துறையின் கடமையும்

நகரங்கள் தோன்றுதலும் தழைத்தலும் தேய்தலும் உலகியற்கை. கொற்கை முத்துக் குளித்தலால் வாழ்ந்தது; புகார் கடல் வாணிகத்தால் ஓங்கியது; நொய்யற் கரையிலுள்ள கொடுமணல் இரும்பு உருக்குதலாலும் மணி கடைதலாலும் பெயர் பெற்றது. பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பது அகழாய்வாளர் துணிபு. இம்மூன்று ஊர்களும் தத்தம் தொழில் நீங்கியபின் சிற்றூர்களாய்க் குறுகின. ஆயினும் இன்றும் அவற்றை நாடி மக்கள் செல்கின்றனர். செல்வோர் ஆங்கு எதனைக் காணச் செல்கின்றனர் என்பது சிந்தித்தற்குரியது.

புகாரை எடுத்துக்கொள்வோம். பழைய நகரின் மாடமும் மன்றமும் இன்று இல்லை. 1973-ஆம் ஆண்டில் தமிழக அரசு அங்கே எழுநிலை மாடமாகச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஒன்றை எடுப்பித்தது. கல்லும் சுண்ணமும் புதியன. அவற்றிற்கு உயிர் தந்த சொல்லோ பழையது. இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்குமிடத்து, துணி நெய்வோர், செம்பும் வெண்கலமும் வார்ப்போர், தச்சர், கொல்லர், தையற்காரர், தோல் தைப்போர் எனத் தொழிலாளர் பலரை வரிசைப்படுத்திக் கூறுகிறார். அவ்வரிசை இல்லையெனின் புகார் நமக்கு வெறும் கடற்கரை மணலே ஆகும். நகரம் அழிந்தும் அழியாமல் நிற்பது, அதன் தொழிலாளரைச் சொல்லில் நிறுத்திய ஒரு நூலால் என்பது தெளிவு.

இவ்வுண்மையை நம் காலத்து ஆலை நகரங்களுக்கும் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலைநாடுகளில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்கங்களும் ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அங்ஙனம் மூடப்பட்டவற்றுள் சில, காண்போர் கூடும் இடங்களாக மறுபிறவி எடுத்தன. செருமனியின் எசன் நகரிலுள்ள சோல்வரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் ஓய்ந்தது; 2001-இல் யுனெசுகோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. முன்னர் நிலக்கரி கழுவிய கட்டடத்திலே 2010 முதல் ரூர் வட்டாரத்தின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. வேல்சு நாட்டின் பிளேனாவன் என்னும் ஊரிலுள்ள ‘பெரும்பள்ளம்’ எனப் பொருள்படும் பெயருடைய சுரங்கம் 1980-இல் மூடப்பட்டு, 1983-இல் காண்போர்க்குத் திறக்கப்பட்டது. அங்குச் செல்வோர் தலைக்கவசமும் விளக்கும் அணிந்து, தீப்பெட்டியையும் மின்கலம் பொருத்திய கடிகாரத்தையும் மேலே ஒப்படைத்துவிட்டு, ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்திற்கு இறங்குவர். உள்ளே வழிகாட்டுவோர் சுரங்கத் தொழில் செய்தவர்கள். இருளில் நின்று அவர்கள் தம் பேச்சு வழக்கில், தம் தொழிற்சொற்களால், பட்ட பாட்டைக் கூறுவர். சுரங்கச் சுவர் எங்கும் ஒன்றே. அச்சொற்களைக் கேட்கவே மக்கள் அங்கு இறங்குகின்றனர் எனலாம்.

நம் அண்டையிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இராசபாளையத்தில் நின்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து ஏறத்தாழ நேர் மேற்கே செல்லின் கடற்கரையில் ஆலப்புழை என்னும் நகர் தோன்றும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய இராசா கேசவதாசரால் வளம்பெற்ற துறைமுகம் அது. 1859-இல் சேம்சு தாரா என்னும் வெளிநாட்டார் அங்கே கயிற்றுப்பாய் நெய்யும் ஆலையை நிறுவினார். தேங்காய் மட்டையின் நாரைத் திரித்துக் கயிறாக்கிப் பாய்நெய்து கப்பலேற்றுவது அந்நகரின் வாழ்வாயிற்று. நாம் மட்டை என்பதை அங்குத் தொண்டு என்பர். நாரைச் சகிரி என்பர். கயிறு திரிக்கும் பொறியை ராட்டு என்பர். கயிறு என்னும் சொல்லோ இரு மொழிக்கும் பொது. ஆங்கிலேயர் தேங்காய் நாருக்கு வழங்கும் பெயரும் அச்சொல்லினின்று பிறந்ததே. 1922-இல் அங்கே தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1946-இல் புன்னப்பிரை, வயலார் ஆகிய இடங்களில் நிகழ்ந்த எழுச்சியில் உயிர் நீத்தோருள் கயிற்றுத் தொழிலாளர் பலர்.

பின்னர்க் கப்பல் வரவு குறைந்தது; துறைமுகம் ஓய்ந்தது; ஆலைகள் பல அடைபட்டன. நகரைச் சூழ்ந்த காயல்களில் படகு வீடுகள் மிதக்கத் தொடங்கின, காண்போர் வந்தனர். ஆயின் வந்தோர் நீரைக் கண்டு மீண்டனரேயன்றி நகரைக் காணவில்லை. இக்குறையை உணர்ந்த கேரள அரசு பழைய ஆலைகளையும் பண்டகசாலைகளையும் பழுதுபார்த்து அருங்காட்சியகங்களாக்கும் திட்டத்தை மேற்கொண்டது. 2021-இல் ‘உலகமே தறவாடு’ என்னும் பொருளுடைய ஓவியக் கண்காட்சி, 267 கலைஞரின் படைப்புகளோடு, பெரும்பாலும் ஆலப்புழையின் பழைய கயிற்றுத் தொழிற் கட்டடங்களில் நடைபெற்றது. நாரும் பாயும் கிடந்த கூடங்களில் ஓவியங்கள் நின்றன.

இம்முயற்சிக்கு முன்னரே இலக்கியம் அங்கு வழி சமைத்திருந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ என்னும் புதினம் ஆலப்புழைத் தெருக்களில் நடப்பது. அதனைச் சுந்தர ராமசாமி தமிழில் தந்துள்ளார். அந்நூலைக் கற்றவன் ஆலப்புழைக்குச் செல்லின் தெருவைக் காண்பதோடு நில்லான். தெருவைக் கூட்டியவனையும் காண்பான்.

இனித் தமிழகத்தை நோக்குவோம். சென்னைப் பெரம்பூரில் 1878-இல் பக்கிங்காம் ஆலையும், அதன்பின் சில ஆண்டுகளில் கருநாடக ஆலையும் தொடங்கப்பெற்றன. 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் அவ்வாலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்கு உழைத்தவருள் ஒருவர் திரு.வி.க. அன்று மேடையில் ஆங்கிலம் கோலோச்சிய நிலையில், ஆலைத் தொழிலாளர்க்கு விளங்கும் தமிழில் பேசி மேடைத் தமிழுக்குப் புது நடை வகுத்தவர் அவர். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1908-இல், தூத்துக்குடிப் பவள ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்ற வ.உ.சி.யே பிற்காலத்தில் தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்தார். தமிழ்ப் புலமையும் ஆலை வாயிலும் ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல என்பதற்கு இவ்விரு பெருமக்களே சான்று.

பெரம்பூர் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. பரந்த அந்நிலத்தில் பிற்காலத்தில் திரைப்படக் காட்சியமைப்புகள் எழுந்தன; அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பல்லாயிரவர் உழைத்த இடம் அது. அவ்வுழைப்பாளர் பேசிய ஆலைத் தமிழ் எங்கே? அதன் ஒரு கூற்றைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் போற்றிவைத்தார். எஞ்சிய பெரும்பகுதி பேசியவரோடு மறைந்தது. ஆலப்புழையில் கட்டடம் காக்கப்பட்டது. பெரம்பூரில் கட்டடமும் நில்லவில்லை. இவ்விரண்டிடத்தும் தொழிற்சொல் முறையாகத் தொகுக்கப்படவேண்டும் என்பதே யாம் வற்புறுத்த விழைவது.

நம் வட்டாரத்தை நோக்கின் இக்கடமையின் விரைவு புலனாகும். 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராசா நிறுவிய இராசபாளையம் நூற்பாலையைத் தொடர்ந்து அந்நகர் ஆலை நகராயிற்று. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெய்தலால் பெயர் பெற்றது. ஆலங்குளத்தில், நிலத்தடியிற் கிடந்த சுண்ணாம்புக் கல்லை நம்பி, 1970-இல் அரசின் சிமெண்டு ஆலை எழுந்தது. கிழக்கே சிவகாசியில் தீப்பெட்டியும் வெடியும் அச்சும் வளர்ந்தன. இவ்வட்டாரத்திற்கு வரும் விருந்தினரோ திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தையும் ஆண்டாள் திருக்கோயிலையும் காண்கின்றனர்; 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்குகின்றனர்; மலையடிவாரத்தில் சாம்பல்நிற அணில்கள் வாழும் காட்டை நாடுகின்றனர். இவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும் ஊரின் மூன்று தலைமுறையைச் சோறூட்டி வளர்த்த ஆலையை அவருள் எவரும் காண்பதில்லை, காட்டுவாரும் இல்லை. ஓடும் ஆலை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. புகைபோக்கியை ஒருநாளில் சாய்த்துவிடலாம். அதன் அடியில் வழங்கிய சொல்லை மீண்டும் எழுப்பல் அரிது.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். ஆலையைக் காட்சிப் பொருளாக்குதல் தொழிலாளர் துயரை விற்பனைக்கு வைப்பதாகாதோ என்பது அது. இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. வேலையிழந்தவன் வீட்டெதிரே பொறிக்கு வண்ணம் பூசி நிறுத்துதல் மறுவாழ்வு ஆகாது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்ட சிறுவர் நிலையை இராசம் கிருட்டிணன் ‘கூட்டுக்குஞ்சுகள்’ என்னும் புதினத்தில் எழுதினார். அப்புதினத்தை விலக்கிவிட்டு அழகிய தீப்பெட்டிப் படங்களை மட்டும் காட்டும் அருங்காட்சியகம் ஒன்று எழுமாயின் அது பொய் சொல்லும் அருங்காட்சியகமே ஆகும். உழைத்தவன் தன் வாயால் கூறியது உடனிருந்தால் அப்பொய்க்கு இடமில்லை. ஆதலின் மேற்கூறிய தடை நம் கருத்தை மறுப்பதன்று, வலியுறுத்துவதே.

தொகுக்கவேண்டியவை மூவகை. முதலாவது, கருவிப் பெயரும் வினைப் பெயரும். கைத்தறியாளர் வழங்கும் பாவு, ஊடை, நாடா, விழுது, அச்சு, தார் முதலியன தொன்றுதொட்டு வருவன. நூற்பாலையார் வழங்கும் சைடர், டாப்பர் முதலியன ஆங்கிலத்திலிருந்து புகுந்து தமிழ் ஒலி பெற்றவை. நூற்கும் பொறியின் இருபக்கத்தையும் பார்ப்பவர் சைடர், நூல் நிறைந்த குழல்களைக் கழற்றுபவர் டாப்பர். பிறமொழிச் சொல் எனக் கருதி இவற்றைத் தள்ளுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. மொழி எவ்வாறு புதுப்பொருளை ஏற்கிறது என்பதை இவையே காட்டும். இரண்டாவது, காலமும் கூலியும் பற்றிய வழக்கு. ஆலைச் சங்கு ஊதுதலைக் கொண்டு ஊரார் அடுப்பு மூட்டியதும் பிள்ளைகளை எழுப்பியதும் இதன்பாற்படும். மூன்றாவது, பாட்டும் பழமொழியும் வேலைநிறுத்தக் காலத்து முழக்கமும்.

இப்பணிக்கு முன்னோடிகள் உண்டு. பத்ரிராசு கிருட்டிணமூர்த்தி தெலுங்கில் தொழில்வழிச் சொற்களைத் திரட்டி, 1962-இல் வேளாண்மைக்கும் 1971-இல் கைத்தறிக்கும் அகராதி தந்தார். இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பலவாதலின் அவ்வகராதி நம் வட்டார ஆய்வுக்கு நேரே பயன்படும். தமிழில் கி. இராசநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982-இல் அகராதி வெளியிட்டார். அவர் உழவரின் சொல்லைக் காத்தார். அக்கரிசல் மண்ணிலிருந்தே ஆலைக்குச் சென்றோரின் சொல்லைக் காத்தல் அடுத்த தலைமுறையின் பொறுப்பாகும்.

செய்முறை எளிது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவரையேனும் அணுகி, அவர் செய்த வேலையைத் தொடக்கம் முதல் இறுதிவரை அவர் சொற்களாலேயே சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்க. ஒரு நாள் வேலையின் ஒழுங்கைக் கேட்டாலே நூறு சொற்கள் தாமாக வரும். சொல்லை மட்டும் தனியே கேட்பின் அவர் பாடநூற் சொல்லையே சொல்லக்கூடும். வேலையைக் கேட்பின் வாழும் சொல் வெளிப்படும். ஒலிப்பதிவு பல்கலைக்கழக நூலகத்திலும் அவ்வூர்ப் பள்ளியிலும் இருத்தல் வேண்டும். நாளை அங்கே அருங்காட்சியகம் எழுமாயின் அதற்கு அடித்தளம் இதுவாகும். எழாவிடினும் அருங்காட்சியகத்தின் உயிர் நம்மிடம் இருக்கும்.

நன்னூலார் நூல் என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்துப் பஞ்சையும் நூற்பவரையும் இழையையும் உவமையாகக் கொண்டார். பனுவல் என்னும் சொல்லும் முதலில் நூற்கப்படும் பஞ்சைக் குறித்துப் பின்னரே ஏட்டைக் குறித்தது. நூற்பவரிடமிருந்து தன் தொழிலுக்குப் பெயர் வாங்கியது புலமை. அக்கடனை அடைக்கும் வாய்ப்பு இன்று நமக்கு வாய்த்துள்ளது. நூற்றவர் முதுமையுற்று இருக்கின்றனர்; காலம் தாழ்த்தலாகாது.