ஸ்டம்புக்குப் பின்னால் ஒரே ஒரு இடம்!



நம்ம செம்பட்டியில் கிரிக்கெட் ஆடும்போது கீப்பிங்குக்கு யாரும் போட்டி போடுவதில்லை. சரியாக ஓட முடியாதவனைப் பார்த்து "நீ பின்னாடி நில்லுடா" என்று சொல்லி நிறுத்திவிடுவோம். இந்திய அணியில் நிலைமை தலைகீழ். பேட்ஸ்மேனுக்கு ஐந்தாறு இடம் உண்டு. கீப்பருக்கு ஒன்றே ஒன்று! அந்த ஒரு இடத்துக்காகப் பல வருடம் போராடிய நம் தமிழ்நாட்டு வீரர் தினேஷ் கார்த்திக்கைப் பற்றி எழுத எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

முதலில் அந்த வேலையைப் பார்ப்போம். டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர். கணக்குப் போடுங்கள், 540 பந்து! ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து உட்கார்ந்து எழ வேண்டும். நமக்கெல்லாம் பத்து தோப்புக்கரணம் போட்டாலே கால் கடுக்குது. ஒரு காலத்தில் பல அணிகளில் கீப்பர் பந்தைப் பிடித்தால் போதும், ரன் அடித்தால் அது லாபம். இந்தக் கணக்கை மாற்றியவர் ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட். 1999 முதல் 2008 வரை 96 டெஸ்டில் 5570 ரன், 17 சதம்! அப்புறம் எல்லா நாடும் "எங்களுக்கும் இப்படி ஒருத்தர் வேணும்" என்று தேட ஆரம்பித்தது.

1985-ல் சென்னையில் பிறந்த கார்த்திக், 2004 நவம்பரில் மும்பையில் முதல் டெஸ்ட் ஆடினார். எதிரணியில் அதே கில்கிறிஸ்ட்! கார்த்திக்குக்கு வயது 19. இந்தியா 13 ரன்னில் ஜெயித்தது. ஆனால் அடுத்த மாதமே தோனி ஒருநாள் அணிக்கு வந்துவிட்டார். 2005 டிசம்பரில் டெஸ்ட் இடமும் தோனிக்குப் போனது. அதுவும் நம்ம சேப்பாக்கத்தில்!

இடம் போனதும் கார்த்திக் மூலையில் உட்காரவில்லை. தொடக்க ஆட்டக்காரராக மாறினார். 2007-ல் இங்கிலாந்தில் மூன்று டெஸ்டில் 263 ரன் எடுத்து, அந்தத் தொடரில் இந்தியாவுக்காக அதிக ரன் குவித்தவர் அவரே. 21 வருடத்துக்குப் பிறகு இந்தியா அங்கே தொடரை வென்றது. இருந்தும் 2010-க்குப் பிறகு எட்டு வருடம் டெஸ்ட் கிடையாது!

2018 மார்ச்சில் கொழும்பில் வங்கதேசத்துடன் இறுதி ஆட்டம். கடைசி இரண்டு ஓவரில் 34 ரன் வேண்டும். ஏழாவதாக இறங்கிய கார்த்திக் எட்டே பந்தில் 29. கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவை, அடித்தது சிக்சர்! 2021-ல் டி.வி. வர்ணனைக்குப் போனார். "அவ்வளவுதான்" என்றார்கள். 2022 ஐ.பி.எல்.லில் 330 ரன் விளாசி, 37 வயதில் உலகக் கோப்பைக்குப் போனார். 2024 ஜூன் 1, தன் பிறந்த நாளில் ஓய்வை அறிவித்தார்.

காத்திருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கே கிடைத்தது 26 டெஸ்ட், ஒரே ஒரு சதம். தோனிக்கு 90 டெஸ்ட். ஆனால் இடம் இல்லாதபோதெல்லாம் அவர் இன்னொரு வேலையைக் கற்றுக்கொண்டார். தொடக்க ஆட்டக்காரர், கடைசி ஓவர் அடிதடிக்காரர், தமிழ்நாட்டு கேப்டன், வர்ணனையாளர்.

நாளைக்கு நாமும் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வேகன்சிக்கு நூறு பேராக வரிசையில் நிற்கப் போகிறோம். அந்த ஒரு இடம் நமக்கு வரலாம், வராமலும் போகலாம். லேத்தோடு சேர்த்து வெல்டிங்கும் தெரிந்தவனுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. யோசியுங்கள் நண்பர்களே!