மீதி நாற்பது எங்கே?

எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் தேடுவது ஓர் எண்ணைத்தான். ‘ஈ.எஃப். 60%’ என்று அச்சாகியிருக்கும். உடனே முகம் வாடிவிடும். நூற்றுக்கு அறுபதுதானா, மீதி நாற்பது எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. இது பரீட்சை மார்க் அல்ல. இதயத்தின் இடது கீழறை நிரம்பியிருக்கும்போது அதில் 120 மில்லி ரத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்பில் 70 மில்லியை வெளியே தள்ளுகிறது, 50 மில்லி உள்ளேயே தங்குகிறது. கணக்குப் போட்டால் 58 சதவீதம். இதுதான் ஈ.எஃப். எவ்வளவு திடமான இதயமும் இருப்பதையெல்லாம் வழித்துத் துடைத்து அனுப்பாது. 55 முதல் 70 வரை இருந்தாலே நல்ல கணக்கு. 40க்குக் கீழே இறங்கினால்தான் ‘பம்பிங் குறைஞ்சிருக்கு’ என்று டாக்டரின் குரல் மாறும்.

அந்த எண் பிறக்கும் இடம் ஓர் இருட்டறை. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். அப்படிப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், குறுக்கே நிற்கும் நுரையீரல் சற்று விலகும். எக்கோ என்பது ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் பிடிப்பது. ஒலிக்கு எலும்பும் ஆகாது, காற்றும் ஆகாது. அதனால்தான் விலா எலும்புகளின் இடுக்கைத் தேடி, ஒலியை அனுப்பும் ப்ரோபை வைக்கிறார்கள். தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவே காற்று புகாதிருக்கச் சில்லென்ற ஜெல். நம் காதுக்கு எட்டாத அந்த ஒலி, உடம்புக்குள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. 15 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப, ஒரு நொடியை ஐயாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு நேரம் போதும். ஆகவே திரையில் தெரிவது துடித்துக்கொண்டிருக்கும் இதயமே.

அனுபவசாலிகள் எண்ணுக்கு முன்னால் தசையைப் பார்ப்பார்கள். நல்ல தசை சுருங்கும்போது தடிக்கும். மாரடைப்பில் செத்த பகுதி தடிக்காது. பக்கத்துத் தசை இழுக்கிற இழுப்புக்குச் சும்மா கூடப் போய்வரும்.

இந்தக் கலை கப்பல் பட்டறையிலிருந்து வந்தது. சுவீடனின் லுண்ட் நகரத்து டாக்டர் இங்கெ எட்லரும் இயற்பியலாளர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸும், மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் தேட வைத்திருந்த ஒலிக் கருவியை இரவல் வாங்கிச் சோதித்தார்கள். பிறகு சீமென்ஸ் தந்த அதே வகைக் கருவியைக் கொண்டு 1953 அக்டோபர் 29 அன்று இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். எட்லரின் அப்போதைய கவலை, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே, வாதக் காய்ச்சலால் சுருங்கிப்போன மைட்ரல் வால்வு. இன்றைய சுவீடனில் அந்த நோய் அரிது. நம் ஊரில் இன்னும் இருக்கிறது.

அதற்குச் சாட்சி பெங்களூரு ஒயிட்ஃபீல்டில், கட்டணம் வாங்காத சத்ய சாயி உயர் மருத்துவ நிலையத்தில் நடந்த ஓர் ஆய்வு. 2018இல் வெளியானது. வாதக் காய்ச்சலாலும் பிற காரணங்களாலும் இதயம் பழுதான 253 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சட்டைப் பையில் அடங்கும் எக்கோ, செல்போனில் ஓடும் ஈ.சி.ஜி. போன்றவற்றைக் கொண்டு முதலிலேயே பரிசோதனை. மற்றக் குழுவுக்கு வழக்கமான முறை. வால்வு சிகிச்சைக்குப் பரிந்துரை கிடைக்க முதல் குழுவுக்குச் சராசரியாக 83 நாள் ஆனது, மற்றதற்கு 180 நாள். பின்னாளில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் முதல் குழுவில் 15 சதவீதம், மற்றதில் 28. சின்னக் கருவியின் படம் பெரிய மெஷின் அளவுக்குத் துல்லியமாக இராது. ஆனால் காத்திருப்பு பாதிக்கு மேல் குறைந்ததே, அதுதான் பெரிய லாபம்.

அப்படியானால் ஆளுக்கொன்று வாங்கி ஊர் ஊராகப் போகலாமே என்றால் முடியாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், எக்கோ உட்பட அல்ட்ராசவுண்டு கருவிகளைப் பதிவு செய்தாக வேண்டும். கையடக்கக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். காரணம் நியாயமானதுதான், சங்கடமும் உண்மைதான்.

திரும்ப அந்த எண்ணுக்கு வருவோம். அது சில சமயம் ஏமாற்றும். மைட்ரல் வால்வு மோசமாக ஒழுகினால் ரத்தத்தின் ஒரு பங்கு பின்பக்கமாக மேலறைக்கே சுலபமாகப் போய்விடும். அதுவும் ‘தள்ளிய’ கணக்கில் சேர்ந்து எண்ணை உயர்த்திக் காட்டும். அதனால் இப்படி வால்வு ஒழுகுபவர்களுக்கு 60க்கு இறங்கினாலே ஆபரேஷன் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அடுத்தவருக்கு நிம்மதி தரும் எண் இவருக்கு எச்சரிக்கை. சில புற்றுநோய் மருந்துகளால் தசை நலிவதையும் ஈ.எஃப். தாமதமாகத்தான் சொல்லும். அங்கே ‘ஸ்ட்ரெயின்’ உதவுகிறது: எக்கோ படத்தில் தசைமேல் தெரியும் புள்ளிகளைக் கணினி பின்தொடர்ந்து, தசை எவ்வளவு குறுகுகிறது என்று அளக்கிறது.

ஒரே இதயத்தை இருவர் அளந்தால் ஐந்து புள்ளி முன்பின் இருப்பது சகஜம். எனவே 60 இந்த முறை 57 ஆனதற்குத் தூக்கம் தொலைக்க வேண்டாம். ஆனால் எக்கோவுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டை, முடிந்தால் படம் பதிந்த சி.டி.யையும், மறக்காமல் எடுத்துப் போங்கள். இன்றைய 57, போன வருடம் 70 ஆக இருந்ததா என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.