தை பிறந்தால் சேறு தெரியும்

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மார்கழியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பனியும் குளிரும் அரையாண்டு விடுமுறையும் சேர்ந்து வரும் மாதம். ஆனால், வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்த ஆண்டில் மார்கழிக் குளம் கரை தொட்டு நிற்கும். வாத்துகளுக்கு அது கொண்டாட்டம். உள்ளான்களுக்கோ கால் வைக்க இடமிராது. மடை திறந்து, தண்ணீர் மெல்ல இறங்கி, ஓரத்தில் சேறு தலைகாட்டும் தை மாதம்தான் என் கணக்கில் கேமராவுக்கான பருவம்.

பந்தி அந்தச் சேற்றில்தான் நடக்கிறது. கொசு உள்ளான் ஓடிக்கொண்டே மேலாகக் கொத்தும். கருவால் மூக்கன் நீண்ட அலகை ஆழ இறக்கித் துழாவும். நெடுங்கால் உள்ளான் இன்னும் உள்ளே, தண்ணீரில் நடக்கும். அவரவர் இலை அவரவருக்கு. தண்ணீர் கொஞ்சம் வடிந்தாலும் பந்தி இடம் மாறிவிடும்; நேற்று படம் கிடைத்த மேட்டில் இன்று போய் உட்கார்ந்து பயனில்லை.

நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் இதை நிதானமாகப் பார்க்கலாம். வீடுகளை ஒட்டிய மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும் ஊர் அது. அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரம் என்பதும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். குளிர்காலத்தில் அங்கு வரும் வரித்தலை வாத்து மத்திய ஆசியாவில் இனப்பெருக்கம் செய்து, இமயமலையைத் தாண்டி வருகிறது. ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரத்தில் அது பறப்பதைச் செயற்கைக்கோள் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன.

அப்படி வந்த பறவையைக் கைதட்டிக் கிளப்பி, பறக்கும் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கொசு உள்ளானின் எடை முப்பது கிராம்கூடத் தேறாது. பங்குனி, சித்திரையில் வடக்கே ஆர்க்டிக் பகுதிவரை திரும்பிப்போக அது உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். சேற்றுப் பூனைப்பருந்து வந்தால் எப்படியும் கூட்டமாக எழுந்து பறக்கத்தான் போகிறது. அதுவரை பொறுத்தால் போதும்.

கரையில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் ஜன்னல் வழியாக எடுங்கள். வண்டியைச் சட்டை செய்யாத பறவை, மனிதன் இறங்கி நின்றதும் பறந்துவிடும். வெயில் ஏறினால் சேற்றின்மேல் கானல் ஆடும். அதற்குப் பிறகு எத்தனை விலையுயர்ந்த லென்ஸ் இருந்தாலும் படம் கலங்கித்தான் விழும்.

லென்ஸ் பற்றிய கவலையே வேண்டாம் என்பதற்கு மா. கிருஷ்ணன் இருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே சேர்த்துக்கொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். அவர் படங்களில் விலங்கோடு காடும் இருக்கும். இன்று பறவையின் கண்ணிமை தெரியும் அளவுக்கு நெருக்கமாக எடுக்கிறோம். அது எந்தக் குளத்தில் நின்றது என்பது மட்டும் தெரிவதில்லை.

கேமராவே இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஊர்க் குளத்தங்கரையில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, ‘இபேர்ட்’ தளத்தில் ஏற்ற வேண்டும். காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும்.