இறக்குமதி காரின் சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்தால் என்ன செய்வது? சரியான உதிரிபாகத்தைக் கண்டறியும் வழிகள்

திருவனந்தபுரம்: வேகத்தடையில் ஏறி இறங்கும்போது காரின் அடியில் 'டக்' என்ற ஓசை எழுந்தால், அதற்குப் பெரும்பாலும் சஸ்பென்ஷன் புஷ் எனப்படும் சிறிய ரப்பர் பாகமே காரணமாக இருக்கும். உள்நாட்டு கார் என்றால் இதை ஒரே நாளில் மாற்றிவிடலாம். முழுமையாக இறக்குமதி செய்யப்பட்ட கார் என்றால், அந்த ரப்பருக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் வலியசாலையில் அத்தகைய கார் வைத்திருப்பவருக்கு, அருகிலுள்ள சாலை சந்தையைக் காட்டிலும் காரின் ஆவணங்களே முதலில் உதவும்.

புஷ் என்பது என்ன?

இரண்டு எஃகுக் குழாய்களுக்கு இடையே ரப்பரைப் பிணைத்துச் செய்யப்படும் பாகமே புஷ். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், காரின் சட்டத்துடன் இணையும் இடத்தில் இது பொருத்தப்படுகிறது. சாலையின் அதிர்வை உறிஞ்சுவதும், சக்கரத்தை உரிய கோணத்தில் நிறுத்துவதும் இதன் பணி. வெப்பம், எண்ணெய்க் கசிவு, வயது ஆகியவற்றால் ரப்பர் வெடிக்கிறது. அப்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். டயர் சீரின்றித் தேயும். பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் நடுங்கும். ஓசையை மட்டும் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது, நெடுஞ்சாலை வேகத்தில் ஆபத்தாக முடியலாம்.

எண்ணே திறவுகோல்

காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி புஷ் கேட்பதே தவறான பாகம் வந்து சேர்வதற்கு முக்கியக் காரணம். ஒரே மாடலில் எஞ்சின், தயாரிப்பு மாதம், விற்கப்பட்ட நாடு ஆகியவற்றுக்கு ஏற்ப புஷ் மாறக்கூடும். எனவே பதிவுச் சான்றிதழிலும் காரின் சட்டத்திலும் உள்ள 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் உதிரிபாக எண்ணை முதலில் கண்டறிய வேண்டும். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வழங்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சரிபார்ப்பது அவசியம்.

அந்த எண் கிடைத்துவிட்டால் வழிகள் விரிகின்றன. கார் நிறுவனங்கள் பெரும்பாலும் புஷ்களைத் தாமே செய்வதில்லை. இசட்.எஃப். குழுமத்தின் லெம்ஃபோர்டர் போன்ற தயாரிப்பாளர்கள் கார் நிறுவனங்களுக்கும் வழங்குகின்றனர். தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றனர். கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாத பெட்டியில் வரும் இத்தகைய பாகத்தின் விலை பொதுவாகக் குறைவு. எனினும் போலிகள் உலவுவதால், ரசீது தரும் விற்பனையாளரிடமே வாங்குவது நல்லது.

எங்கே தேடுவது?

சில வெளிநாட்டு நிறுவனக் கார்கள் இந்தியாவிலேயே பொருத்தப்படுகின்றன. பி.எம்.டபிள்யூ.வின் ஆலை செங்கல்பட்டு அருகே 2007 முதல் இயங்குகிறது. அவ்வகைக் கார்களுக்கான பாகங்கள் உள்நாட்டுக் கிடங்குகளில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சென்னையில் புதிய பாகங்களுக்கு ஜி.பி. சாலையும், பழையவற்றுக்குப் புதுப்பேட்டையும் அறியப்பட்ட இடங்கள். ஆனால் ரப்பர் ஓடாமலே முதுமையடையும். ஆகவே பழைய புஷ் வாங்குவதில் பயனில்லை.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால், பொருளின் விலையுடன் அனுப்புச் செலவும் காப்பீடும் சேர்த்தே சுங்க வரி கணக்கிடப்படும். அந்த வரியின் மீது 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரியும், இவை அனைத்தும் சேர்ந்த தொகையின் மீது ஜி.எஸ்.டி.யும் விதிக்கப்படும். வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே சீராக 18 சதவீதமாக்கப்பட்டது. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் வசூலிக்கப்பட்டது. ஒரு புஷ்ஷை விட அதன் அனுப்புச் செலவே அதிகமாகக்கூடும் என்பதால், இரு பக்கத்துக்கும் உரியவற்றை ஒன்றாக வரவழைப்பதே சிக்கனம்.

பொருத்துவதிலும் கவனம்

புஷ் தனியாகக் கிடைக்காவிட்டால் ஆர்மையே முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும். ஆனால் அதிர்வையும் ஓசையையும் கூடுதலாகக் கடத்தும். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் காரின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும் நிலையில்தான் இறுதியாக முறுக்க வேண்டும். காரைத் தூக்கிய நிலையில் முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு விரைவில் கிழியும். பணி முடிந்ததும் வீல் அலைன்மென்ட் செய்வது கட்டாயம்.

நீடித்த பயன்பாட்டுக்குச் சான்று

இறக்குமதி கார் பல பத்தாண்டுகள் நிலைக்கும் என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே சான்று உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 காரைத் தம் வாழ்நாள் முழுவதும் பேணி வந்தார். அவர் 2013 டிசம்பரில் காலமானார். 1953-இல் அறிமுகமான அந்த வகைக் காரில், எஞ்சினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் துணைச் சட்டமே ரப்பர் தாங்கிகள் வழியாகத்தான் உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. பென்ஸ் நிறுவனத்தின் பழங்கார்ப் பிரிவு, இத்தகைய பழைய வகைகளுக்கான பாகங்களை இன்றும் உதிரிபாக எண்ணின் அடிப்படையிலேயே வழங்கி வருகிறது.