பழவேற்காட்டின் மருந்துச் சாலை

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக் கல்லறைகளைப் பார்க்கிறார்கள். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு செல்ஃபி எடுக்கிறார்கள். படகில் முகத்துவாரம் வரை போய் வந்து, இறால் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். கோட்டை எங்கே என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும் காட்டுவதற்கு அகழியும் முட்புதர் மண்டிய மேடும்தான் மிச்சம்.

1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் அனுமதியோடு டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை போட்டார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதை அழித்தார்கள். பட்ட அடியில் 1613இல் எழுந்ததுதான் கெல்ட்ரியா கோட்டை. அப்போதைய டச்சுத் தலைவர் வெம்மர் வான் பெர்க்கெம் தன் சொந்த மாகாணத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். சதுரக் கோட்டை, நான்கு மூலையிலும் வெளியே துருத்திய கொத்தளங்கள். ஒரு கொத்தளத்துப் பீரங்கி அடுத்த மதிலின் அடிவாரம் முழுவதையும் பக்கவாட்டில் துடைத்தெடுக்கும். ஏணி சாத்த வருபவனுக்கு ஒளிய மூலை கிடைக்காது.

பீரங்கிகளைப் பற்றிப் பெருமையாகப் பேசலாம். ஆனால் அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் குண்டு குறி தவறாமல் போவது சில நூறு மீட்டர்தான். பெரிய கப்பல்களை முகத்துவாரத்து மணல்திட்டே பழவேற்காட்டு ஏரிக்குள் விடாது. அவை வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்கினார்கள். டச்சுக்காரருக்குப் பழவேற்காட்டில் உண்மையான பலம் பீரங்கியைவிட அதற்குள் திணிக்கும் மருந்துதான் என்பது என் கட்சி. 1620களில் தொடங்கிய வெடிமருந்துச் சாலை படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கிழக்குக் கடல்களில் ஓடிய டச்சுக் கப்பல்களுக்கும் மருந்து அனுப்பியது. மிளகு, ஜாதிக்காய்த் தீவுகளில் நடந்த சண்டைகளுக்கான மருந்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இடித்துக் கலந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் மூத்த ரசாயன ஆலை இது.

செய்முறை கேட்க எளிது: முக்கால் பங்கு வெடியுப்பு, மீதியில் கரி கொஞ்சம் கூடுதல், கந்தகம் கொஞ்சம் குறைவு. கரி எரிபொருள். கந்தகம் சீக்கிரம் தீப்பிடிக்க வைக்கும். எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால்தான் காற்றுப் புகாத குழலுக்குள்ளும் மருந்து எரிகிறது.

சிக்கல் கடற்கரை ஈரத்தில். மண்ணிலிருந்து வடித்த வெடியுப்பில் கால்சியம் நைட்ரேட்டும் சோற்றுப்பும் கலந்திருக்கும். கால்சியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். அந்த மருந்து பற்றாது. மரச்சாம்பல் கரைசலைச் சேர்த்தால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். பிறகு காய்ச்சி ஆறவைக்க வேண்டும். கொதிக்கும் 100 கிராம் தண்ணீரில் வெடியுப்பு சுமார் 240 கிராம் கரையும். 30 டிகிரிக்கு ஆறினால் 45 கிராம்தான் தங்கும், மீதி ஊசி ஊசியாகப் படிகமாகும். சோற்றுப்போ கொதிநீரில் 39 கிராம், ஆறிய நீரில் 36. ஏறக்குறைய அப்படியே நீரில் நின்றுவிடும். ஒரு கொப்பரை, ஓர் இரவு ஆறல்: இரண்டும் பிரிந்துவிட்டன.

அடுத்தது குறுணையாக்குவது. மாவாகவே பீப்பாயில் அடைத்தால் கப்பல் ஆட்டத்தில் எடை குறைந்த கரி ஒருபக்கம், உப்பு ஒருபக்கம் என்று பிரிந்துபோகும். ஈரம் தெளித்து, அழுத்தி, கட்டியை உடைத்துச் சல்லடையில் தேய்த்தால் மூன்றும் ஒட்டிய குறுணை கிடைக்கும். குறுணைகளின் இடைவெளியில் தீ ஓடுவதால் குழல் முழுக்க ஒரே மூச்சில் எரியும். அப்படி எரிந்தும் பாதிக்கு மேல் திடப் புகையாகவும் கசடாகவும் போகும். ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் ஈரத்துணி சுற்றிய கோலால் குழலைத் துடைப்பது சுத்தத்துக்காக மட்டுமல்ல. உள்ளே கனலும் துணுக்கு அடுத்த மருந்தைப் பற்றவைத்தால் துடைப்பவனின் கை போய்விடும்.

இதே ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் நிரப்பும் சுமார் 138 டன் திட எரிபொருளிலும் ஆக்சிஜன் உப்பிலிருந்துதான் வருகிறது. வெடியுப்புக்குப் பதில் அம்மோனியம் பெர்குளோரேட். குறுணையின் அளவு செய்த வேலையை அங்கே எரிபொருளின் நடுவே விடும் துளையின் வடிவம் செய்கிறது.

1690இல் பழவேற்காட்டில் இருந்த டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1795இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோட்டையை அவர்களே தகர்த்தார்கள். கோட்டை முழுசாக நின்ற காலத்து உருவம் ஒரு கல்லறைக் கல்லில் செதுக்கிக் கிடக்கிறது. துணியும் மருந்தும் மட்டுமல்ல, அடிமைகளாக மனிதர்களும் இந்தத் துறையிலிருந்து கப்பலேறினார்கள். அவர்களுக்குக் கல் இல்லை.

கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, நல்லது. கோட்டை மேட்டிலும் ஒரு குழியாவது தோண்டிப் பார்க்கலாம். வெடியுப்பு மழையில் கரைந்து ஏரிக்குப் போயிருக்கும். கரி அப்படியல்ல, நூற்றாண்டுகள் மண்ணில் கிடக்கும். கந்தகத் துணுக்கோடு சேர்ந்த கரி எந்த மூலையில் அகப்படுகிறதோ, மருந்துச் சாலையை அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.